ஈறில் ரத்தக் கசிவு: மாத்திரை மட்டும் போதுமா?

கேள்வி: என் வயது 42. பல் துலக்கும்போது ஈறுகளில் ரத்தம் கசிகிறது, வலி இல்லை. கிருமிதான் காரணம் என்றால் ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிட்டால் சரியாகிவிடாதா?

பதில்: கிருமிதான் தொடக்கம். ஆனால் வீக்கத்துக்கும் கசிவுக்கும் பெரும்பங்கு, அதை எதிர்த்து உங்கள் உடலே எழுப்பும் அழற்சிக்குத்தான்.

பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் படியும் பற்படலத்தை அகற்றாமல் விட்டால், ஆக்ஸிஜன் குறைந்த அந்த இடுக்கில் போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் போன்ற பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. பாக்டீரியாவின் வெளியுறையில் உள்ள மூலக்கூறுகளை ஈற்றுச் செல்களின் மேலிருக்கும் ஏற்பிகள் அடையாளம் கண்டதும், செல்லுக்குள் அழற்சிக்கான மரபணுக்கள் முடுக்கிவிடப்பட்டு, இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-8 முதலான புரதங்கள் வெளியாகின்றன. இவற்றுள் இன்டர்லூக்கின்-8 வெள்ளையணுக்களை அவ்விடத்துக்கு வரவழைக்கிறது. ரத்தக் குழாய்கள் விரிந்து, பல்லை ஒட்டிய ஈற்றின் உட்புற மேற்படலம் புண்பட்டு மெலிவதால், பிரஷ் பட்டாலே ரத்தம் கசிகிறது.

போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் பாக்டீரியா ஜிஞ்சிபெயின் என்னும் நொதிகளால் நம் எதிர்ப்புப் புரதங்களையே வெட்டிச் சிதைக்கிறது. அழற்சியில் சிதையும் திசுப் புரதங்களே அதற்கு உணவாகவும் ஆகின்றன. ஆகவே அழற்சி நீடிக்க நீடிக்கக் கிருமிக்கும் வசதி கூடுகிறது. நாளடைவில் பல்லைப் பிடித்திருக்கும் கொலாஜன் நார்கள் அறுபட்டு, தாடை எலும்பும் கரையத் தொடங்கும். இவ்வளவும் வலியில்லாமலே நடக்கக்கூடும் என்பதுதான் எனக்குக் கவலை தருகிறது.

பற்படலத்துக்குள் பொதிந்திருக்கும் பாக்டீரியாக்களை மருந்து எளிதில் எட்டாது. எனவே மாத்திரை மட்டும் போதாது, படலத்தைச் சுரண்டி எடுத்தே ஆக வேண்டும். 1965-இல் வெளியான டென்மார்க் ஆய்வொன்றில், ஆரோக்கியமானவர்கள் பல் துலக்குவதை நிறுத்தியபோது மூன்று வாரங்களுக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி வந்தது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் அது மறைந்தது. இந்த நிலைவரை பாதிப்பு முழுமையாக மீளக்கூடியது. கரைந்த எலும்பு அப்படித் தானாக மீள்வதில்லை.

ரத்தம் வரும் இடத்தைத் தவிர்க்காமல், மென்மையான பிரஷ்ஷால் ஈற்று விளிம்பையும் சேர்த்துத் துலக்குங்கள். பல்லிடுக்குகளையும் தினமும் சுத்தம் செய்யுங்கள். பல் மருத்துவரிடம் ஸ்கேலிங் (பல்லில் ஒட்டிய படிவுகளைச் சுரண்டி எடுத்தல்) செய்துகொண்டு, ஈற்றுப் பையின் (பல்லுக்கும் ஈறுக்கும் இடையிலுள்ள இடுக்கு) ஆழத்தை அளக்கச் சொல்லுங்கள். 3 மில்லிமீட்டர் வரை இயல்பு, அதற்கு மேல் போனால் வேர்ப்பரப்பையும் சுத்தம் செய்ய வேண்டியிருக்கலாம். புகைப்பழக்கமும் கட்டுப்படாத நீரிழிவும் இந்நோயைத் தீவிரமாக்கும் என்பதால், ரத்தச் சர்க்கரையையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள்.