இருபது யூனிட் என்றால் எத்தனை மில்லிகிராம்?

கேள்வி: என் கணவருக்கு வயது 54. சென்ற ஆண்டு அக்கி கண்டதிலிருந்து, தமக்கு நோய் எதிர்ப்பாற்றல் குறைந்துவிட்டதாக அவர் நம்புகிறார். நண்பர் ஒருவரின் பேச்சைக் கேட்டு, எதிர்ப்பாற்றலைத் தூண்டும் ஊசி மருந்து என்று சொல்லப்படும் ‘தைமோசின் ஆல்ஃபா 1’ என்று எழுதிய 5 மில்லிகிராம் தூள் குப்பிகளை இணையத்தில் வாங்கியிருக்கிறார். நீர் கலந்து வாரம் இருமுறை 20 யூனிட் போட்டுக்கொள்ளச் சொல்லி விற்றவர் செய்தி அனுப்பியுள்ளார். வீட்டில் மாமியாரின் இன்சுலின் சிரிஞ்சுகள் இருக்கின்றன. 20 யூனிட்டில் எவ்வளவு மருந்து இருக்கும்?
– வாசகி, புக்கிட் மெர்தாஜாம், பினாங்கு

பதில்: சகோதரி, எவ்வளவு நீர் கலப்பது என்று சொல்லாமல் ‘20 யூனிட்’ என்று மட்டும் சொன்னால் அது அளவே ஆகாது. இன்சுலின் சிரிஞ்சில் உள்ள யூனிட் கோடுகள், ஒரு மில்லிலிட்டரில் 100 யூனிட் இன்சுலின் இருக்கும் என்ற கணக்கில் போடப்பட்டவை. வேறு மருந்தை அதில் ஏற்றும்போது அக்கோடுகள் கொள்ளளவை மட்டுமே காட்டும். 20 யூனிட் என்பது 0.2 மில்லிலிட்டர், அவ்வளவுதான். உங்கள் 5 மில்லிகிராம் தூளில் 1 மில்லிலிட்டர் நீர் விட்டால் அந்த 0.2 மில்லிலிட்டரில் 1 மில்லிகிராம் மருந்து வரும். 2 மில்லிலிட்டர் விட்டால் அதே கோட்டில் அரை மில்லிகிராம்தான் வரும்.

கோடுகளை எண்ணுவதிலும் பிழை நேர்கிறது. நீரிழிவுக்காரர் ஒருவர் எங்கள் மருந்தகத்தில் சிரிஞ்சை வெளிச்சத்தில் பிடித்து, இருபது கோடுகளை விரல் நகத்தால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். அது 1 மில்லிலிட்டர் சிரிஞ்சு. அதில் ஒரு கோட்டுக்கு 2 யூனிட். அவர் 40 யூனிட் ஏற்றிக்கொண்டிருந்தார். அரை மில்லிலிட்டர் சிரிஞ்சில் பெரும்பாலும் ஒரு கோட்டுக்கு ஒரு யூனிட் என்பதால், சிரிஞ்சு மாறும்போது அளவும் இரட்டிப்பாகிவிடுகிறது.

சில நாடுகளில் ஹெப்படைட்டிஸ் பி நோய்க்கு அங்கீகரிக்கப்பட்ட தைமோசின் ஆல்ஃபா 1, ஒரு குப்பிக்கு 1.6 மில்லிகிராம் என்று வருகிறது. கிருமி நீக்கிய நீர் 1 மில்லிலிட்டரை அதில் கலந்து, முழுவதையும் தோலுக்கடியில் உடனே செலுத்திவிட வேண்டும். ஒரு குப்பி ஒரு வேளைக்கே என்பதால் கோட்டுக் கணக்குக்கு அங்கே இடமில்லை. இத்தகைய தூளில் நீரைக் குப்பியின் உட்சுவர் வழியாக மெல்ல வழியவிட்டு, குலுக்காமல் உருட்டிக் கரைப்பதே முறை.

இந்த முறையை எவ்வளவு கவனமாகப் பின்பற்றினாலும், உங்கள் கணவர் வாங்கிய குப்பியை அவர் போட்டுக்கொள்ளக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. உள்ளே இருப்பது அந்த மருந்துதானா, உண்மையில் 5 மில்லிகிராம் இருக்கிறதா, தூள் கிருமியற்றதா என்பவற்றை வீட்டில் யாரும் சோதித்தறிய முடியாது. கரைசல் தெளிவாக இருப்பதால் அது தூய்மையானது என்று ஆகிவிடாது. ரப்பர் மூடியை ஆல்கஹாலால் துடைத்தால் மேற்பரப்பு மட்டுமே சுத்தமாகும். மலேசியாவில் பதிவு பெற்ற மருந்தின் பெட்டியில் எம்.ஏ.எல். என்ற எழுத்துகளில் தொடங்கும் எண் இருக்கும். அது இல்லையென்றால் பேச்சுக்கே இடமில்லை.

பலன் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கடும் தொற்றால் உயிருக்குப் போராடியவர்களிடம் சீனாவில் 1,100-க்கும் மேற்பட்டோரைக் கொண்டு நடத்தப்பட்ட பெரிய ஆய்வில், இம்மருந்து இறப்பைத் தெளிவாகக் குறைக்கவில்லை. உடல் உறுப்பு மாற்றிக்கொண்டு எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரை உண்போருக்கோ இது கேடாகவும் முடியலாம்.

அக்கி மீண்டும் வருமோ என்பதுதான் உங்கள் கணவரின் அச்சமென்றால், 50 வயதைக் கடந்தவர்களுக்கென இரண்டு தவணையாகப் போடப்படும் அக்கித் தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். இணையத்தில் வாங்கிய அந்த மருந்தை அவர் ஏற்கெனவே ஊசியாகப் போட்டுக்கொண்டிருந்து, போட்ட இடம் சிவந்து வீங்கினாலோ காய்ச்சல் கண்டாலோ, அந்தக் குப்பியையும் கையில் எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.