ஜெனரிக் மாத்திரைக்கு மாறியதும் தூக்கம் போய்விட்டது, ஏன்?

கேள்வி: என் கணவருக்கு 52 வயது. மனச்சோர்வுக்காக ஒன்றரை வருடமாக எஸ்சிடலோபிராம் 10 மி.கி. சாப்பிடுகிறார். நன்றாகத்தான் இருந்தார். போன வாரம் மலிவு விலைக் கடையில் அதே மருந்தை ஜெனரிக்காக வாங்கினோம். நான்காம் நாளிலிருந்து தூக்கமில்லை, படபடப்பு, கை நடுக்கம். கம்பெனி மருந்துக்கே திரும்பிவிடலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: பழைய அட்டை இன்னும் வீட்டில் கிடக்கிறதா? முதலில் அதைத் தேடி எடுத்துப் பாருங்கள். மருந்தின் பெயருக்குப் பின்னால் 'பிளஸ்' என்று இருந்தால், அதில் எஸ்சிடலோபிராமுடன் குளோனாசெபாம் என்ற பதற்றம் தணிக்கும் மருந்தும் சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். கீழே பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். புதிய அட்டையில் எஸ்சிடலோபிராம் மட்டும் இருந்தால், ஒரு மருந்தை ஒரே நாளில் நிறுத்தியிருக்கிறீர்கள். குளோனாசெபாம் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒன்றரை நாள் ஆகும். அதனால்தான் தொல்லை உடனே தெரியாமல் சில நாள் கழித்துத் தலைகாட்டும். நீங்கள் சொல்லும் நான்காம் நாள் இந்தக் கணக்குக்குப் பொருந்துகிறது. நீண்ட நாள் சாப்பிட்டதைச் சட்டென்று விட்டால் வலிப்புகூட வரலாம். எனவே இன்றே உங்கள் மருத்துவரை அழையுங்கள். குழப்பத்தில் எஸ்சிடலோபிராமையும் நிறுத்திவிடாதீர்கள்.

இனி கம்பெனி விவகாரம். ஒரு நிறுவனம் உருவாக்கிய மூல மருந்தையே மற்ற நிறுவனங்கள் தயாரித்து விற்றால் அதுதான் ஜெனரிக். எஸ்சிடலோபிராமை உருவாக்கியது டென்மார்க்கின் லுண்ட்பெக் நிறுவனம். 2002இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நம் ஊரில் அதே மருந்தைப் பல நிறுவனங்கள் ஆளுக்கொரு பெயர் சூட்டி விற்கின்றன. உங்கள் கணவர் சாப்பிட்டுவந்த 'கம்பெனி மருந்து'ம் பெரும்பாலும் பெயர் வைத்த ஜெனரிக்தான்! விலையில் ஒரு பகுதி அந்தப் பெயருக்கு.

ஜெனரிக் மருந்து ரத்தத்தில் சேரும் அளவு, மூல மருந்தோடு ஒப்பிட்டால் 80 முதல் 125 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. இதைக் கேட்டு, 'அப்படியென்றால் 20 சதவீதம் குறையலாமா?' என்று பதறுவார்கள். அப்படியல்ல. சராசரி மட்டுமல்ல, அதன் புள்ளியியல் பிழை வரம்பு (சராசரி எவ்வளவு ஏறி இறங்கக்கூடும் என்ற கணக்கு) முழுவதும் அந்த எல்லைக்குள் அடங்க வேண்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சராசரி வேறுபாடு சுமார் 3.5 சதவீதம்தான்.

தவறே நடக்காது என்று சொல்ல மாட்டேன். மனச்சோர்வுக்கான இன்னொரு மருந்தான புப்ரோபியான் 300 மி.கி.யின் ஒரு ஜெனரிக், மூல மருந்துக்குச் சமமல்ல என்று அதே துறை 2012இல் அறிவித்தது. ஆனால் அது மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரை. கரையும் வேகம் மாறினாலே சிக்கல். எஸ்சிடலோபிராம் சாதாரண மாத்திரை.

பழைய அட்டையில் 'பிளஸ்' இல்லையென்றால், மி.கி. ஒன்றுதானா, மாற்றிய வாரத்தில் ஓரிரு நாள் விடுபட்டதா என்று பாருங்கள். மருந்து விட்டுப்போனாலும் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக் கேடு வரும். எதுவானாலும், இரண்டு அட்டைகளையும் பையில் போட்டுக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். வாயால் சொல்லும் மருந்துப் பெயரை மருத்துவர்களாகிய நாங்கள் அவ்வளவாக நம்புவதில்லை.