வயலின் தெரிந்தவருக்கு யோஹிக்கோ எளிதா?

கேள்வி: வில்லால் வாசிக்கும் பின்லாந்தின் பழைய தந்திக் கருவியான யோஹிக்கோ கற்க ஆசை. ஐந்து வருடம் வயலின் வாசித்திருக்கிறேன். அது கைகொடுக்குமா?

வலது கைக்குக் கொஞ்சம் கொடுக்கும். இடது கைக்கு இடைஞ்சல்தான். பத்து வருடம் கர்நாடக வயலின் வாசித்து, வேலைக்காக ஹெல்சிங்கி வந்த பிறகு இதைத் தொட்டவன் என்பதால் பட்டதைச் சொல்கிறேன்.

யோஹிக்கோவில் விரல் பலகையே கிடையாது. மரத்தைக் குடைந்து செய்த உடம்பு, மேல்பாதியில் ஒரு துளை. கருவியை மடியில் சாய்த்து நிறுத்தி, பின்பக்கமிருந்து இடது கையைத் துளைக்குள் விட்டு, விரல்களின் முதுகால் தந்தியைப் பக்கவாட்டில் தொட வேண்டும். அடியில் தாங்க எதுவும் இல்லை, அந்தரத்தில் நிற்கிற தந்தி. விரல் நுனியில் நான் வருடக்கணக்கில் வளர்த்த காய்ப்பு ஒன்றுக்கும் ஆகவில்லை. முதல் மாதம் முழுக்க நகத்தை ஒட்டிய தோல் எரிந்தது. வீடியோ அழைப்பில் கேட்ட அம்மா, "கதவுக்கு எண்ணெய் போடுடா" என்றாள்.

தந்திகள் இரண்டோ மூன்றோதான். மெட்டு ஒன்றில் ஓடும். பக்கத்துத் தந்தி விடாமல் சுருதி பிடிக்கும். நாகஸ்வரக்காரர் பக்கத்தில் ஒத்து ஊதுபவரையும் வயிற்றுக்குள் வைத்துக்கொண்ட கருவி என்று வையுங்கள். கைக்கு எட்டுவது ஐந்தாறு ஸ்வரம். அதனால் எளிது என்று நினைத்துத்தான் நானும் ஏமாந்தேன். ஒத்து கூடவே ஒலிப்பதால் விரல் இம்மி விலகினாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

பழைய மாதிரி வில்லில் திருகாணி இல்லை. மயிர் தொளதொளவென்று கிடக்கும். வாசிக்கும்போதே விரல் கொடுத்து இறுக்க வேண்டும். இது பழகிவிட்டால் தாளத்தின் அழுத்தமெல்லாம் அந்த விரலில்தான் என்பது புரியும்.

'யோஹி' என்றால் குதிரைவால் மயிர். தந்தியும் அதுதான். ஈரக் காற்றில் தளர்ந்து சுருதி இறங்கும். ஆரம்பத்தில் நைலான் போட்டுக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் அந்தக் கரகரப்பு மயிரில்தான் வரும்.

மெட்டுகளுக்கு பின்லாந்து இசை ஆய்வாளர் வைஸானென் 1928இல் வெளியிட்ட தொகுப்பே போதும். பின்லாந்து-ரஷ்ய எல்லைப் பகுதியான கரேலியாவின் கடைசித் தலைமுறை யோஹிக்கோ கலைஞர்களைத் தேடிப்போய்ச் சேர்த்தவை. அவர்களில் ஒருவரான பியோதர் பிராட்சுவின் ஊர் இம்பிலாஹ்தி இன்று ரஷ்யாவில் இருக்கிறது. பெரும்பாலும் குட்டி நடன மெட்டுகள். திரும்பத் திரும்ப, சின்னச் சின்ன மாற்றத்தோடு வாசிக்க வேண்டும். நிரவல் தெரிந்தவருக்கு இது மட்டும் சட்டென்று பிடிபடும்.

கருவி வாங்கும் முன் துளைக்குள் கையை விட்டுப் பாருங்கள். எனக்கு முதலில் இரவலாகக் கிடைத்ததில் கை உள்ளே போய்விட்டது, வெளியே வரத்தான் மறுத்தது.