பிராலெட் அடிப்பட்டைத் தையல் அறுகிறதா?

லெகின்ஸ் மிச்சத்துணியில் பிராலெட் (கம்பியில்லாத மெல்லிய பிரா) தைக்கிறீர்களா? துணியை மாற்ற வேண்டாம், தையலை மாற்றுங்கள். தலைவழியாகப் போடும்போது மார்புக்குக் கீழே சுற்றி வரும் அடிப்பட்டையின் தையல் பட்பட்டென்று அறுகிறது என்றால், பெரும்பாலும் நேர்த்தையல்தான் காரணம். லெகின்ஸ் துணி விரியும், அந்த நூல் விரியாது.

ஜிக்ஜாக் (வளைந்து வளைந்து போகும் தையல்) போடுங்கள், அகலம் 3, நீளம் 2 வைத்துப் பாருங்கள். ஊசி 11ஆம் நம்பர் பால்பாயிண்ட், அதாவது முனை உருண்ட ஊசி. சாதா ஊசி இந்தத் துணியில் தையலை விட்டு விட்டுப் போகும்.

மிதி மெஷினில் ஜிக்ஜாக் இல்லையென்றால், துணியை முன்னும் பின்னும் லேசாக இழுத்துப் பிடித்து இரண்டு வரிசை அடியுங்கள். ரொம்ப இழுத்தால் ஓரம் அலை அலையாக நிற்கும், பார்க்கச் சகிக்காது!

முதலில் வெட்டுத்துணியில் ஒரு சாண் தைத்து, நன்றாக இழுத்துப் பாருங்கள். அப்போதும் அறுந்தால் மேல்நூல் இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்துங்கள்.

அப்புறம், நைலான் கலந்த மிச்சத்துணி பாளையங்கோட்டை வெயிலுக்கு ஆகாது, வேர்க்குரு வரும். உள்ளே பருத்தி பனியன் துணி கொடுங்கள். அந்தத் துணி விரியும் திசையும் உடம்பைச் சுற்றி வரும்படி வெட்டுங்கள்.