ஒரு புத்தகம் நாட்டு வருமானத்தில் எவ்வளவு சேர்க்கிறது?

ராமநாதபுரம் புத்தகத் திருவிழா முடிந்ததிலிருந்து நம் வாசகர் வட்டத்தில் இதே பேச்சுதான். புள்ளிவிவரத் துறையில் பல வருடம் வேலை பார்த்தவன் என்பதால் கேள்விகளை என்னிடம் அனுப்பிவிட்டார்கள். முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

பாம்பனிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, 200 ரூபாய் புத்தகம் ஆயிரம் பிரதி விற்றால் பதிப்புத் தொழிலின் உற்பத்தி 2 லட்சம் என்று எழுதலாமா?

கூடாது தம்பி. உங்கள் ஊர் கருவாட்டுக் கணக்கைப் பாருங்கள். நெத்திலியைக் கரையில் விலைக்கு வாங்கி, உப்புப் போட்டுக் காயவைத்து விற்கிறார்கள். விற்ற பணம் முழுவதும் காயவைத்தவர் உண்டாக்கியது ஆகாது. மீன், உப்பு, வண்டி வாடகையைக் கழித்து மிஞ்சுவதுதான் அவர் கூட்டிய மதிப்பு. ஆனால் கூலியைக் கழிக்காதீர்கள், அது கூட்டிய மதிப்புக்குள் அடக்கம். பலரும் தவறுவது இந்த இடத்தில்தான்.

புத்தகத்துக்கும் இதே கணக்குத்தான். உதாரணமாக, 2 லட்சத்தில் கடைக்காரர் கழிவு 35 சதவீதம் என்றால் 70,000 சில்லறை வணிகத்தின் பக்கம் போகும். பதிப்பாளர் கைக்கு வருவது 1,30,000. தாள், அச்சு, பைண்டிங் 60,000, எழுத்தாளர் உரிமைத்தொகை 20,000, தபால், கடை வாடகை 10,000 போனால் மீதி 40,000. ஊழியர் சம்பளம், வட்டி, லாபம் எல்லாம் அதற்குள்தான். அதுதான் பதிப்புத் தொழிலின் மதிப்பு. கழித்த தொகைகளும் காணாமல் போவதில்லை. தாள் ஆலை, அச்சகம், எழுத்தாளர் என்று அவரவர் கணக்கில் ஏறும். எல்லாவற்றையும் பதிப்பின் பெயரிலேயே கூட்டினால் ஒரே ரூபாயை இரண்டு மூன்று முறை எண்ணியதாகிவிடும்.

மண்டபத்திலிருந்து: அச்சும் பதிப்பும் ஒரே தொழில்தானே?

இல்லை. 2008-ஆம் ஆண்டின் தேசியத் தொழில் வகைப்பாட்டில் அச்சு 18-ஆம் பிரிவு, அது உற்பத்தித் துறை. பதிப்பு 58-ஆம் பிரிவு, தகவல் துறை. புத்தகப் பதிப்புக்குத் தனி எண் 5811. நம் கவிஞர் சிவகாசியில் அச்சடித்தால் அந்த மதிப்பு விருதுநகர் மாவட்டத்துக்குப் போகும். எழுத்து நம் கரையில் பிறந்தும் மாவட்டக் கணக்கில் கொஞ்சம்தான் தங்குகிறது என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

கீழக்கரை ஆசிரியை ஒருவர்: பள்ளியில் இலவசமாகத் தரும் பாடநூலுக்குக் கணக்கில் மதிப்பு உண்டா, சார்?

உண்டும்மா. இலவசம் பிள்ளைக்குத்தான். பாடநூல் கழகம் நூலை உருவாக்குகிறது, அரசு அதற்குப் பணம் தருகிறது. அது அரசின் செலவாக ஏறும். தர்மத்துக்கு அச்சடித்து வழங்கும் சமய நூல்களுக்கும், விலை இல்லாததால், ஆன செலவே மதிப்பு.

தேவிபட்டினத்திலிருந்து: பழைய புத்தகக் கடையில் விற்பதும் கணக்கில் ஏறுமா?

புத்தகத்தின் விலை ஏறாது, அது வெளிவந்த ஆண்டிலேயே எண்ணியாகிவிட்டது. கடைக்காரரின் இடைலாபம் மட்டும் ஏறும்.

ராமேஸ்வரத்திலிருந்து: ஜிஎஸ்டி கணக்கைப் பார்த்தாலே எல்லாம் தெரியாதா?

தெரியாது. அச்சுப் புத்தகத்துக்கு வரி விலக்கு இருப்பதால் சிறு பதிப்பாளர் பலர் அந்தப் பதிவேட்டிலேயே இல்லை. தாளுக்குக் கட்டிய வரியையும் திரும்பப் பெற முடியாது, அது அடக்க விலையில் சேர்ந்துவிடும். ஆலைகளுக்கான ஆண்டுக் கணக்கெடுப்பும் பெரிய அச்சகங்களைத்தான் தொடும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில், மின்சாரத்தில் ஓடும் இடம் என்றால் பத்துத் தொழிலாளராவது இருக்க வேண்டும் என்று இருந்தது. மற்றவர்களுக்குப் பதிவு பெறாத தொழில்களின் மாதிரிக் கணக்கெடுப்புதான் வழி. ஆகவே கணக்கெடுப்பாளர் வாசலுக்கு வந்தால் தயவுசெய்து திருப்பி அனுப்பாதீர்கள்.

தொண்டியிலிருந்து ஓர் அக்கா: சொந்தச் செலவில் 300 பிரதி போட்டேன். 180 கட்டிலுக்கடியில் கிடக்கிறது. இதெல்லாம் கணக்கில் வருமா?

வரும் அக்கா. விற்காத சரக்கும் அந்த ஆண்டின் உற்பத்திதான், இருப்பு மாற்றம் என்று அதற்குத் தனித் தலைப்பே இருக்கிறது. அச்சக ரசீதைப் பத்திரமாக வையுங்கள். மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் முகமையில், நூலுக்கு அடையாளமான ஐஎஸ்பிஎன் எண் இலவசமாகவே கிடைக்கும். அது நூல் எத்தனை என்று சொல்லுமே தவிர பண மதிப்பைச் சொல்லாது, ஆனாலும் வாங்கிவிடுங்கள். அப்புறம், 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமரா உள்ளிட்ட மற்ற மூன்று நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும். வெளியான முப்பது நாளுக்குள் என்பது விதி. தேதி தாண்டியிருந்தாலும் நாளைக்கே தபாலில் போட்டுவிடுங்கள்.