அதே அறுவை சிகிச்சை, அதே மாத்திரை; எனக்கு மட்டும் வீக்கம் ஏன்?

கேள்வி: வயது 27, எடை 48 கிலோ. முழங்காலில் ஏ.சி.எல். ஜவ்வு அறுவை சிகிச்சை முடிந்து மூன்று வாரம். அதே நாளில் சிகிச்சை பெற்ற சக வீரருக்கு வீக்கம் வடிந்துவிட்டது, எனக்கு வடியவில்லை. இருவருக்கும் வலி, வீக்கம் குறைக்கும் டைக்ளோஃபெனாக் 50 மி.கி., இரண்டு வேளை. பெண் என்பதால் டோஸ் கூட்ட வேண்டுமா?

பதில்: கூட்ட வேண்டாம். பெண்ணுக்கென்று தனி டோஸ் இந்த மருந்துக்கு இல்லை. அழற்சி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி நடப்பதில்லை என்பது உண்மைதான். பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனுக்கும் நோய் எதிர்ப்பு அணுக்களுக்கும் தொடர்பு உண்டு. ஆனால் விலங்கு ஆய்வுகள் நெடுங்காலம் பெரும்பாலும் ஆண் விலங்குகளிலேயே நடந்தன. அதற்கான விலையைப் பெண் நோயாளிகள் இன்றும் கொடுக்கிறார்கள் என்பது என் வருத்தம்.

உங்கள் விஷயத்தில் முதலில் பார்க்க வேண்டியது எடை. பாராசிட்டமாலும் எடுப்பதானால் 650 மி.கி., ஆறு மணி நேர இடைவெளியில், நாளுக்கு நான்கு முறைக்கு மேல் வேண்டாம். 50 கிலோவுக்குக் குறைந்தவருக்கு ஒரு கிராம் வீதம் நான்கு வேளை அதிகம். டைக்ளோஃபெனாக்கோடு இபுப்ரூஃபன் சேர்க்கவே கூடாது. வயிறும் சிறுநீரகமும் தாங்காது. மூன்று வாரம் தொடர்ந்து எடுத்திருந்தால் நிறுத்தலாமா என்று அறுவை மருத்துவரிடம் கேளுங்கள். கர்ப்பத்துக்கு முயல்பவரானால் அதையும் சொல்லுங்கள்; டைக்ளோஃபெனாக் வகை மருந்து கருமுட்டை வெளிப்படுவதைத் தள்ளிப்போடலாம். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் காலில் ரத்தம் உறையும் அபாயம் கூடும்.

வலியைவிட எனக்குக் கவலை தருவது, மூட்டில் நிற்கும் நீர் முன்தொடைத் தசையைச் செயல்படாமல் தடுத்துவிடும் என்பதுதான். 20–30 மி.லி. நீர் இருந்தாலே தசை சரியாக இறுகாது. வலி குறைந்தும் கால் நிமிராமல் போவதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். ஜவ்வு சிகிச்சைக்குப் பின் மூட்டு இறுகிப்போவது பெண்களில் கூடுதலாகக் காணப்படுகிறது. அதனால் நீங்கள் காத்திருக்க வேண்டாம். குதிகாலுக்கடியில் சுருட்டிய துண்டை வைத்து, முழங்காலைத் தானே தாழ விடுங்கள், 10 நிமிடம், நாளுக்கு நான்கைந்து முறை. பிறகு தொடையை இறுக்கி 5 விநாடி பிடியுங்கள், 10 முறை. துணி சுற்றிய ஐஸ் 15 நிமிடம். பயிற்சிக்கு மறுநாள் வீக்கம் கூடினால் முந்தைய நாள் அளவு அதிகம் என்று பொருள், குறையுங்கள்.

38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், காயத்தில் கசிவு, குறைந்த வலி திரும்ப ஏறுவது, கெண்டைக்கால் வலித்து வீங்குவது: இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். மூச்சு திணறினால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவு.