ஏனோக்கின் புத்தகத்தை ஒளித்தது யார்?

கேள்வி: ஏனோக்கின் புத்தகத்திலுள்ள ரகசியங்கள் ஜனங்களுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று கி.பி. 325இல் நிசேயா சங்கத்தில் ஆயர்கள் கூடி அதைப் பைபிளிலிருந்து நீக்கி ஒளித்துவிட்டார்களாமே? யூடியூபில் ஒரு சகோதரர் ஆதாரத்தோடு சொல்கிறார். நாம் அதைப் படிக்கலாமா?
— ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: அந்த ஆதாரம் எது என்று அவரிடமே கேளுங்கள். நிசேயாவில் ஆயர்கள் மல்லுக்கட்டியது, கிறிஸ்துவும் படைக்கப்பட்டவரே என்று சொன்ன ஆரியுஸ் என்ற குருவின் போதனையைப் பற்றி. ஈஸ்டரை என்றைக்குக் கொண்டாடுவது என்றும் பேசினார்கள். அங்கே இயற்றிய 20 விதிகளும் இன்றைக்கும் கிடைக்கின்றன. எந்தப் புத்தகம் பைபிளில் இருக்கலாம், எது கூடாது என்று அவற்றில் ஒரு வரிகூடக் கிடையாது. புத்தகங்களைப் பீடத்தில் குவித்து ஜெபித்தார்கள், போலிகள் தாமாகவே கீழே விழுந்தன என்று ஒரு கதை உண்டு. அது பல நூற்றாண்டு கழித்து யாரோ எழுதிவைத்தது.

அப்புறம், 'பைபிளிலிருந்து நீக்கினார்கள்' என்றால் எந்தப் பைபிளிலிருந்து? எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் சபையின் பைபிளில் ஏனோக்கு இன்றும் இருக்கிறது. அந்த நாட்டுக் கிறிஸ்தவர்கள் அதைத் தங்கள் கீயெஸ் மொழியில் நூற்றாண்டுக் கணக்காகப் பிரதியெடுத்துப் படித்துவருகிறார்கள். நூல் முழுதாக நமக்குக் கிடைத்ததே அவர்களால்தான். நைல் நதி பிறக்கும் இடத்தைத் தேடிப்போன ஜேம்ஸ் புரூஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர், 1773இல் அங்கிருந்து சில பிரதிகளை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தார். 1821இல் அதை ஆங்கிலத்தில் வெளியிட்டவர் ரிச்சர்ட் லாரன்ஸ். இவர் ஒரு ஆங்கிலிக்கன் குருவானவர். ரகசியத்தை அம்பலப்படுத்தியவரைத் திருச்சபை என்ன செய்தது தெரியுமா? அடுத்த ஆண்டே அயர்லாந்தில் பேராயர் ஆக்கியது!

சரி, மற்ற சபைகளில் ஏன் இல்லை? அது தனிக் கதை, சதிக் கதையைவிட சுவாரசியமானது. 'ஏனோக்கு தேவனோடே சஞ்சரித்துக்கொண்டிருக்கையில், காணப்படாமற்போனான்' என்று ஆதியாகமம் ஒரே வரியில் முடித்துவிடுகிறது. போனவர் எங்கே போனார், என்னவெல்லாம் பார்த்தார் என்று இயேசுவுக்கு முந்தைய நூற்றாண்டுகளில் யூதர்கள் எழுதிச் சேர்த்ததுதான் இந்த நூலின் பெரும்பகுதி. 200 தேவதூதர்கள் எர்மோன் மலையில் இறங்குகிறார்கள், மனிதப் பெண்களை மணக்கிறார்கள், இராட்சதர்கள் பிறக்கிறார்கள். அசாசேல் என்ற தூதன் ஆண்களுக்கு வாள் அடிக்கவும் பெண்களுக்குக் கண்மை தீட்டவும் கற்றுக்கொடுக்கிறான். (இரண்டையும் ஒரே பட்டியலில் வைத்த ஆசிரியர் நிச்சயம் ஆண்தான்.) சாக்கடல் ஓரத்திலுள்ள கும்ரானின் நான்காம் குகையில் 1952இல் கிடைத்த பழைய யூதச் சுருள்களில் இதன் அரமேயப் பிரதிகளின் துண்டுகள் நிறைய இருந்தன. ஆக, அந்தக் காலத்தில் விரும்பிப் படித்திருக்கிறார்கள்.

பிற்கால ரபிகளுக்கு, அதாவது யூத வேத போதகர்களுக்கு, தூதர்கள் மணம் முடித்த கதையே பிடிக்கவில்லை. ஆதியாகமத்தின் 'தேவகுமாரர்' என்பதற்குத் தூதர்கள் என்று பொருள் சொன்னவர்களை ரபி சிமியோன் பென் யோகாய் சபித்ததாகவே ஒரு குறிப்பு உண்டு. கிறிஸ்தவர்களிடையே வெளிப்படையான வாக்குவாதம் நடந்தது. ஆதித் திருச்சபை எழுத்தாளர்களில் தெர்த்துல்லியன் இதை வேதமென்றே வாதாடினார். அகுஸ்தீனோ, ஜலப்பிரளயத்துக்கும் முந்தியதென்று சொல்லப்படும் இத்தனை பழைய நூலை எப்படி நம்புவது என்று கேட்டார். உங்கள் வீட்டுப் பைபிளில் யூதா நிருபம் 14, 15ஆம் வசனங்களைப் பாருங்கள். ஏனோக்கு நூலிலிருந்து எடுத்த மேற்கோள் அப்படியே இருக்கிறது. இந்த மேற்கோளுக்காகவே யூதா நிருபத்தைப் பலர் ஏற்க மறுத்ததாக, பைபிளை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம் எழுதிவைத்திருக்கிறார். ஏனோக்கோடு சேர்ந்து அதுவும் போயிருக்கும், தப்பியது. இப்படிப் பகிரங்கமாகச் சண்டை போட்டதை ரகசியம் என்பதா?

பிரதியெடுக்க ஆள் குறைந்தால் கையெழுத்துப் புத்தகம் தானாக மறையும். மேற்கே நடந்தது அதுதான். அப்போதும் கி.பி. 800 வாக்கில் பைசாந்தியத்தில், அதாவது கிழக்கு ரோமப் பேரரசில், ஒரு துறவி அதன் கிரேக்கப் பகுதிகளைத் தன் வரலாற்று நூலில் எடுத்துப் போட்டிருக்கிறார். யாரும் அவர் கையைப் பிடிக்கவில்லை.

படிக்கலாமா என்றால், தாராளமாகப் படியுங்கள். யூத மார்க்கத்தில் தேவதூதர், நியாயத்தீர்ப்பு பற்றிய எண்ணங்கள் எப்படி வளர்ந்தன என்று அறிய இதைவிட நல்ல நூல் அரிது. மொத்தம் 108 அதிகாரங்கள். முதல் 36 போதும், தூதர்கள் கதை அதில்தான் இருக்கிறது. 72இலிருந்து 82 வரை சூரியன் எந்த வாசலில் உதிக்கிறது, ஆண்டுக்கு ஏன் 364 நாள் என்று கணக்கு மேல் கணக்காகப் போகும். உங்கள் யூடியூப் சகோதரர் அதுவரை போயிருக்க மாட்டார்.